16 வயதுக்குப் பிறகு: இங்கிலாந்தில் ஒரு கல்லூரியை எடைபோடுவது எப்படி?

இலையுதிர்காலம் வந்தால் பதினோராம் ஆண்டில் பிள்ளை படிக்கும் வீடுகளில் ஒரே கேள்விதான்: "எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" நம் ஆட்கள் பலர் இதை நண்பர்களிடமும் உறவினர்களிடமும் கேட்டு, கிடைத்த முதல் பதிலோடு முடிவெடுத்துவிடுகிறார்கள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஒரு பெரிய மேற்கல்விக் கல்லூரிக்குள் (16 வயதுக்குப் பிறகு சேரும் ஃபர்தர் எஜுகேஷன் காலேஜ்) குழாய் வேலை, முடிதிருத்தம், கணினி, குழந்தைப் பராமரிப்பு, ஏ லெவல், பெரியவர்களுக்கான ஆங்கில வகுப்பு என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடக்கும். ஒரு துறை அருமையாக இருக்கும், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் துறை தள்ளாடிக்கொண்டிருக்கும். அதனால் கேட்க வேண்டியது, "இந்தக் கல்லூரியில் இந்தப் படிப்பு எப்படி?" என்பதுதான்.

முதலில் சட்டம். இங்கிலாந்தில் 2015 முதல், 18 வயது ஆகும்வரை பிள்ளை ஏதோ ஒரு கல்வியிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும். 2008-இல் இயற்றிய சட்டம் இது. அதற்காகப் பள்ளியிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. முழுநேரக் கல்லூரி, அப்ரெண்டிஸ்ஷிப் (சம்பளத்தோடு வேலை செய்துகொண்டே பெறும் பயிற்சி), வாரம் 20 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்துகொண்டே பகுதிநேரப் படிப்பு என்று மூன்று வழிகள் உண்டு. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் இந்தக் கட்டாயம் இல்லை, மேற்பார்வை செய்யும் அமைப்புகளும் வேறு. இந்தக் கட்டுரை இங்கிலாந்துக்கு மட்டும்.

பிள்ளை படிக்கும் பள்ளியில் சிக்ஸ்த் ஃபார்ம் (16 முதல் 18 வயதுவரை படிக்கும் பிரிவு) இருந்தால், அங்கேயே தொடர்வதுதான் இயல்பு என்பதுபோல் பேச்சு வரும். ஆனால் 2023 ஜனவரி முதல், எட்டாம் ஆண்டிலிருந்து பதின்மூன்றாம் ஆண்டுக்குள் தொழிற்கல்வி, அப்ரெண்டிஸ்ஷிப் நடத்துபவர்களை மாணவர்கள் குறைந்தது ஆறு முறையாவது சந்திக்கப் பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும். அப்படி எதுவும் நடந்ததாகப் பிள்ளை சொல்லவில்லை என்றால் பள்ளியில் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஆஃப்ஸ்டெட் அறிக்கையை வாசிக்கும் விதம்

கல்லூரிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பு ஆஃப்ஸ்டெட். அதன் இணையதளத்தில் கல்லூரியின் பெயரைப் போட்டால் அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். இப்போது ஒரு குழப்பம் உண்டு: இரண்டு வகை அறிக்கைகள் ஒரே நேரத்தில் புழக்கத்தில் இருக்கின்றன.

பழைய முறையில் நான்கு படிகள்: அவுட்ஸ்டாண்டிங், குட், ரெக்வயர்ஸ் இம்ப்ரூவ்மென்ட், இன்அடெக்வேட். கல்லூரி முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு மொத்த மதிப்பு போடுவார்கள். 2025 நவம்பரில் இது மாறியது. இப்போது மொத்த மதிப்பு கிடையாது. பிள்ளைகளுக்கு வரும் ரிப்போர்ட் கார்டு மாதிரி ஒவ்வொரு அம்சத்துக்கும் தனித்தனியாக மதிப்பு வரும். படிகளும் ஐந்தாகிவிட்டன, மேலிருந்து கீழாக: எக்ஸெப்ஷனல், ஸ்ட்ராங் ஸ்டாண்டர்டு, எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்டு, நீட்ஸ் அட்டென்ஷன், அர்ஜென்ட் இம்ப்ரூவ்மென்ட். மாணவர் பாதுகாப்புக்கு மட்டும் இந்தப் படிகள் இல்லை. நிறைவேறியது, நிறைவேறவில்லை என்று இரண்டே பதில்தான். அதில் 'நிறைவேறவில்லை' என்று இருந்தால், என்ன காரணம் என்று தெரியாமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

பழைய 'குட்' வாங்கிய கல்லூரியையும் புதிய 'எக்ஸ்பெக்டட் ஸ்டாண்டர்டு' வாங்கிய கல்லூரியையும் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். 'எக்ஸ்பெக்டட்' என்ற சொல்லைப் பார்த்து "சுமார்தான் போல" என்று நினைத்துவிடவும் வேண்டாம். அந்தத் தரத்தைத் தொடுவதற்கே கல்லூரி நிறைய நிபந்தனைகளை நிறைவேற்றியிருக்க வேண்டும்.

சில குடும்பங்களோடு உட்கார்ந்து இந்த அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். எல்லோரும் முதல் பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கு வேண்டியது உள்ளேதான் இருக்கிறது. இளையோர் படிப்புகள், பெரியவர்கள் படிப்புகள், அப்ரெண்டிஸ்ஷிப், கூடுதல் உதவி தேவைப்படும் மாணவர்கள் என்று கல்லூரி எதை எதை நடத்துகிறதோ அதற்கெல்லாம் தனிப் பகுதி இருக்கும். 16 வயதுப் பிள்ளைக்குப் பார்க்க வேண்டியது இளையோர் பகுதி. பெரியவர்கள் பகுதி நன்றாக இருந்து என்ன பயன்? அந்தப் பகுதியில் கற்பித்தல், தேர்ச்சி, வருகையும் வளர்ச்சியும் என்ற தலைப்புகளின் கீழ் எழுதியிருப்பதை வரிவரியாகப் படியுங்கள். "சில பாடங்களில்" என்று தொடங்கும் வாக்கியம் வந்தால், எந்தப் பாடம் என்று பாருங்கள். உங்கள் பிள்ளையின் பாடமாக இருக்கலாம். அப்புறம் அறிக்கையின் தேதி. நான்கு ஆண்டுக்கு முந்தைய அறிக்கை என்றால், அதில் பாராட்டப்பட்ட துறைத்தலைவர் இன்னும் அங்கே இருக்கிறாரா என்பதே தெரியாது.

எண்கள்: ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைச் சொல்வார்கள்

கல்வித் துறையே பள்ளி, கல்லூரிகளை ஒப்பிடும் இணையச் சேவை ஒன்றை நடத்துகிறது. சராசரி மதிப்பெண், சேர்ந்த நிலையிலிருந்து மாணவர் எவ்வளவு முன்னேறினார், எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், முடித்த பின் எங்கே போனார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. சராசரி மதிப்பெண்ணைவிட முன்னேற்ற அளவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நல்ல மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் சராசரி உயரமாகத்தான் இருக்கும். நடுத்தர மதிப்பெண்ணோடு வரும் பிள்ளையை மேலே கொண்டுபோகிறார்களா என்பதை முன்னேற்ற அளவு காட்டும்.

ஓபன் டேயில், அதாவது கல்லூரியைச் சுற்றிப் பார்க்க எல்லோரையும் அழைக்கும் நாளில், "எங்கள் தேர்ச்சி விகிதம் 93 சதவீதம்" என்று சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு வகுப்பில் 20 பேர் சேர்கிறார்கள். நடுவில் ஆறு பேர் விலகிவிடுகிறார்கள். மீதி 14 பேரில் 13 பேர் தேறுகிறார்கள். 14-இல் 13 என்றால் தேர்ச்சி 93 சதவீதம். சேர்ந்த 20 பேரில் 13 என்றால் 65 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணுக்கு 'அச்சீவ்மென்ட் ரேட்' என்று பெயர். கடைசிவரை இருந்தவர்களின் விகிதத்துக்கு 'ரிடென்ஷன்'. இந்த இரண்டு சொற்களையும் அப்படியே சொல்லிக் கேளுங்கள், அதுவும் கல்லூரி முழுவதற்கும் அல்ல, அந்த ஒரு படிப்புக்கு. துறையை நடத்துபவரிடம் அந்த எண் இருக்கும்.

கணிதமும் ஆங்கிலமும்

பதினோராம் ஆண்டின் முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத்தேர்வில் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ கிரேடு 4, அதாவது தேர்ச்சி, கிடைக்கவில்லை என்றால், கல்லூரியில் வேறு எந்தப் படிப்பில் சேர்ந்தாலும் அந்தப் பாடத்தையும் தொடர்ந்து படித்தாக வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கல்லூரிக்கு வரும் அரசு நிதி குறையலாம். முழுநேர மாணவர் கிரேடு 3 வாங்கியிருந்தால் ஜிசிஎஸ்இ-யையே மறுபடி எழுத வேண்டும். 2 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற, அன்றாடப் பயன்பாட்டுக்கான தேர்வையும் எழுதலாம்.

16-க்குப் பிறகு மறுபடி எழுதுவோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் கிரேடு 4-ஐத் தொடுகிறார். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கல்லூரிக்குக் கல்லூரி வித்தியாசம் அதிகம் தெரிவது இங்கேதான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஒரு வகுப்பில் எத்தனை பேர், கணிதம் படித்த ஆசிரியர்தான் எடுக்கிறாரா, போன ஆண்டு எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, இந்த நாட்டுக்கு நடுவில் வந்து சேர்ந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தின் அந்த ஒரு கிரேடு பல கதவுகளைத் திறக்கும். படிப்பைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு இதற்கும் கவனம் கொடுங்கள்.

படிப்பின் வகை

ஏ லெவல் எல்லோருக்கும் தெரியும். 2020 செப்டம்பரில் வந்த டி லெவல், மூன்று ஏ லெவலுக்குச் சமமான இரண்டாண்டுத் தொழிற்படிப்பு. அதில் குறைந்தது 315 மணி நேரம், அதாவது 45 நாள் அளவு, உண்மையான வேலையிடத்தில் பயிற்சி கட்டாயம். அந்த இடத்தைக் கல்லூரி தேடித் தருகிறதா, பிள்ளையே தேடச் சொல்கிறார்களா என்பது பெரிய வித்தியாசம். பிடெக் என்பதும் உண்டு. நம் ஊர்ப் பொறியியல் பட்டத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது 16-க்குப் பிறகான தொழில்சார் தகுதி. இந்த வகைத் தகுதிகளை அரசு படிப்படியாக மாற்றி, 2027 முதல் வி லெவல் என்ற புதிய வகையைக் கொண்டுவருகிறது. உங்கள் பிள்ளை சேரும் ஆண்டில் அந்தப் படிப்பு நடக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நேரில் போகும்போது ஓபன் டேயோடு நிறுத்தாமல், முடிந்தால் வகுப்பு நடக்கும் சாதாரண நாளிலும் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் பளபளப்பான பட்டறையைப் பார்த்துவிட்டு மின்வேலைப் படிப்பில் சேர்ந்தான். முதல் பருவம் முழுக்க அந்தப் பாடத்துக்கு நிரந்தர ஆசிரியரே இல்லை. தற்காலிக ஆசிரியர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். கருவிகளைப் பார்க்கிற நாம், "இந்தப் பாடத்தை யார் எடுக்கிறார்? எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார்?" என்று கேட்பதில்லை. வாரத்தில் எத்தனை நாள் வகுப்பு என்பதையும் கேளுங்கள். மூன்று நாள்தான் என்றால் மீதி நாளில் பிள்ளை என்ன செய்யும் என்பதை இப்போதே யோசிக்கலாம்.

காசு விஷயம்

16 முதல் 18 வயதில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பெற்றோரோடு விசாவில் வந்திருக்கும் பிள்ளைகளும் பொதுவாக இதில் அடங்குவார்கள். விசா ஆவணத்தோடு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பர்சரி என்ற உதவித்தொகை இரண்டு வகை. அரசுப் பராமரிப்பில் இருக்கும், இருந்த பிள்ளைகள், தம் சொந்தப் பெயரில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறுவோர் போன்றவர்களுக்கு ஆண்டுக்கு 1,200 பவுண்டு வரை. மற்றவர்களுக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கல்லூரியே முடிவு செய்யும்: பஸ் கட்டணம், புத்தகம், சீருடை, கருவிகள். ஒவ்வொரு கல்லூரிக்கும் வருமான வரம்பு வேறு என்பதால், இதுவும் ஒப்பிட வேண்டிய ஒன்றுதான். வீட்டில் அரசு உதவி வாங்கினால் இலவச மதிய உணவுக்கும் தகுதி இருக்கலாம். இரண்டுக்குமே விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது.

பிள்ளைகளுக்காகப் பெற்றோருக்கு அரசு தரும் சைல்டு பெனிஃபிட்டில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. 16-ஆவது பிறந்தநாளுக்குப் பின் வரும் ஆகஸ்ட் 31-ஓடு அது நின்றுவிடும். பிள்ளை வாரம் சராசரியாக 12 மணி நேரத்துக்கு மேல் வகுப்புள்ள படிப்பில் தொடர்கிறது என்று வரித்துறையான எச்.எம்.ஆர்.சி-க்குத் தெரிவித்தால் 20 வயதுவரைகூட வரும். இங்கிலாந்தில் அப்ரெண்டிஸ்ஷிப்பில் சேர்ந்தால் வராது.

சிறப்புத் தேவைக்கான இ.எச்.சி. திட்டம் உள்ள பிள்ளைக்கு உரிமை இன்னும் வலுவானது. அந்தத் திட்டம் 25 வயதுவரை நீடிக்கலாம். அதில் ஒரு மேற்கல்விக் கல்லூரியின் பெயர் எழுதப்பட்டுவிட்டால், அந்தக் கல்லூரி பிள்ளையைச் சேர்த்துக்கொண்டாக வேண்டும். உங்கள் பகுதிக் கவுன்சிலோடு (உள்ளாட்சி அமைப்போடு) பேசும்போது இதை நினைவில் வையுங்கள். பயண உதவியைப் பற்றியும் அப்போதே கேளுங்கள். 16-க்கு மேற்பட்டோருக்கான பயணக் கொள்கையை ஒவ்வொரு கவுன்சிலும் ஆண்டுதோறும் மே 31-க்குள் வெளியிட வேண்டும்.

சேர்ந்த பிறகு ஆறு வாரம்

விண்ணப்பம் பெரும்பாலும் இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்துக்குப் போடலாம், தவறில்லை. ஜிசிஎஸ்இ முடிவு எதிர்பார்த்தபடி வராவிட்டால், அன்று காலையிலேயே கல்லூரியைத் தொடர்பு கொள்ளுங்கள்.

செப்டம்பரில் சேர்ந்தபின் முதல் ஆறு வாரம் முக்கியமானது. ஓராண்டுப் படிப்பில் மாணவர் ஆறு வாரம் இருந்தால்தான் அவரை அரசு நிதிக் கணக்கில் சேர்ப்பார்கள். அதற்குள் படிப்பை மாற்றிக்கொள்வதும், வேறு கல்லூரிக்குப் போவதும் எளிது. அதன் பிறகு இடமும் கிடைப்பது கடினம், விட்ட பாடத்தைப் பிடிப்பதும் கடினம். மூன்றாவது வாரக் கடைசியில் பிள்ளையோடு உட்கார்ந்து, யார் பாடம் எடுக்கிறார்கள், எத்தனை வகுப்பு ரத்தானது, பக்கத்தில் இருந்தவர்கள் யாராவது விலகிவிட்டார்களா என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் அந்த வாரமே பாடத் தலைவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.