மிக்ஸ்டேப்: தமிழில் கலம்பகம்

ஆச்சி மகன் (எங்கள் வழக்கில் உடன்பிறந்த மூத்தவளை ஆச்சி என்போம்) கல்லூரித் தோழர்களோடு சேர்ந்து சொல்லிசை (ராப்) எழுதிப் பாடுகிறான். காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு வளவில் (உள்முற்றத்தில்) உட்கார்ந்து ஏழு பாடல்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். முறையான ஆல்பம் அடுத்த ஆண்டு வருமாம். அதற்கு முன் இந்த ஏழையும் காசு வாங்காமல் வெளியிடப் போகிறார்கள். “அம்மான், சுவரொட்டியில் மிக்ஸ்டேப் என்று போட மனம் வரவில்லை. கலவை நாடா என்று போடலாமா?” என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். கலவை என்றால் செட்டிநாட்டில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுவருக்குப் பூசிய கலவைதான் முதலில் நினைவுக்கு வரும். நாடா என்றால் கண்டாங்கி நெய்கிற தறியில் இங்கும் அங்கும் ஓடுவது. ஆனால் என் மறுப்புக்குக் காரணம் இவை அல்ல. மிக்ஸ்டேப் என்ற சொல்லுக்குள் இப்போது நாடாவே இல்லை. இல்லாத பொருளை எதற்காக மொழிபெயர்க்க வேண்டும்?

நாடா இருந்த காலம் ஒன்று உண்டு. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் கேசட்டைக் கொண்டுவந்தது. பத்து ஆண்டு கழித்து, 1973 ஆகஸ்ட் 11 அன்று, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டுகளைச் சுழற்றி நடத்திய விருந்தைத்தான், சொல்லிசை வளர்ந்த ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். அப்படிப்பட்ட விருந்துகளில் பதிவான கேசட்டுகள் கைமாறிக் கைமாறிப் பரவின. பல இசைத்தட்டுகளின் துண்டுகளைக் கலந்து பதிந்த நாடா என்பதால் மிக்ஸ்டேப் என்ற பெயர் அவற்றுக்குப் பொருந்தியது.

நமக்கும் இது புதிதன்று. எண்பதுகளில் கேசட்டில் பாட்டுப் பிடிக்கக் காரைக்குடிக் கடைவீதியான கல்லுக்கட்டிக்குப் போவோம். கோடு போட்ட தாளில் பாடல் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடமா தொண்ணூறு நிமிடமா என்று சொல்லிவிட்டு வந்தால் இரண்டு நாளில் கிடைக்கும். கேசட்டின் ஒரு பக்கம் முடிகிற இடத்தில் கடைசிப் பாட்டின் சரணம் பாதியில் அறுந்து நிற்கும். இன்றும் அந்தப் பாடலை எங்கே கேட்டாலும், அறுந்த அதே இடத்தில் என் காது நின்றுவிடுகிறது. அந்தக் கேசட்டும் ஒரு மிக்ஸ்டேப்தான். நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை.

பிறகு சொல்லின் பொருள் நகர்ந்தது. சொல்லிசைக் கலைஞர்கள், பிறர் வெளியிட்ட பாடல்களின் பின்னணி இசையை எடுத்து அதன் மேல் தம் சொற்களைப் பாடிப் பதிந்தார்கள். நம்மிடமும் பழைய பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலையில் இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருப்பார்களே, கிட்டத்தட்ட அந்த முறைதான். இசைக்குரியவரிடம் அனுமதி பெறாததால் அதைக் கடையில் முறைப்படி விற்க வழியில்லை. இலவசம் என்ற வழக்கத்துக்கு இது ஒரு வேர். இன்னொரு வேர், ஆல்பம் வரும்வரை கேட்பவர் தம்மை மறந்துவிடக் கூடாது என்ற கலைஞனின் கவலை.

இந்தக் கவலை எவ்வளவு பலன் தந்தது என்பதற்கு அமெரிக்கச் சொல்லிசைக் கலைஞர் லில் வெய்ன் சான்று. 2005இல் ஒரு தனி ஆல்பம், அடுத்த தனி ஆல்பம் 2008இல். இடைப்பட்ட காலத்தில் மிக்ஸ்டேப்புகளாக விட்டுக்கொண்டே இருந்தார். செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் இரண்டு விருந்துக்கு நடுவே வரும் இடைப்பலகாரம் போல. 2006இல் அப்படி ஒன்றை அவரோடு சேர்ந்து வெளியிட்ட டி.ஜே. டிராமா, 2007 ஜனவரியில் திருட்டுக் குறுந்தகடு வழக்கில் அட்லாண்டாவில் கைது செய்யப்பட்டார். போலீசார் பல்லாயிரம் குறுந்தகடுகளை அள்ளிச் சென்றார்கள். மறு ஆண்டு ஜூனில் வெய்னின் ஆல்பம் வெளியான முதல் வாரத்திலேயே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. திருட்டு என்று பிடிக்கப்பட்ட அதே பண்டம்தான் அந்த விற்பனைக்கு நிலத்தை உழுது வைத்திருந்தது. கனடாவின் சொல்லிசைக் கலைஞர் டிரேக் 2009 பிப்ரவரியில் இலவசமாக ஒரு மிக்ஸ்டேப்பைத் தந்து பெயர் பெற்றார். அவருடைய முதல் ஸ்டூடியோ ஆல்பம் 2010 ஜூனில்தான் வந்தது.

ஆக, இன்று மிக்ஸ்டேப் என்பது பல வகைப் பாடல்களை, ஆல்பத்தின் கட்டுப்பாடு இல்லாமல், பல நேரம் விலையில்லாமலும் தருகிற தொகுப்பு. அப்படியானால் தொகை என்று வைக்கலாமே, குறுந்தொகை, கலித்தொகை இருக்கின்றனவே என்று முதலில் நானும் எண்ணினேன். ஆல்பத்துக்கு முன் வருவதால் முன்தொகை. ஆனால் வட்டிக்கணக்கு எழுதி வளர்ந்த ஊரில் முன்தொகை என்றால் எல்லோரும் அச்சாரப் பணம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

எனக்குப் பிடித்த சொல் கலம்பகம். நூல்வகையின் பெயராகவே இதை அறிந்திருக்கிறோம். பூமாலையோடும் இதற்கு உறவு உண்டு. தொண்டரடிப்பொடியாழ்வார் திருப்பள்ளியெழுச்சியில் பல பூக்கள் கலந்து தொடுத்த மாலையைச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல்லை ஆள்கிறார். நூல்வகையாகப் பார்த்தாலும் பொருத்தம் வியப்பைத் தருகிறது. வெவ்வேறு பாவும் இனமும் விரவி வர, பதினெட்டு உறுப்புகள் கொண்டது கலம்பகம். அவற்றுள் மறம் என்பது, பெண் கேட்டு அரசன் அனுப்பிய தூதனை மறவன் இகழ்ந்து விரட்டும் பேச்சு. சம்பிரதம், மாயவித்தைக்காரன் தன் திறமையைத் தானே அளக்கும் பேச்சு. களி, கள்ளுண்டவன் கூற்று. எதிராளியை ஏசுவதும் தன்னைத் தானே மெச்சுவதும் சொல்லிசையின் உயிர் என்பதை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

புலவர்கள் சினம் கொள்ளலாம். கடவுளுக்கு நூறு பாடல், அரசருக்குத் தொண்ணூறு, வணிகருக்கு ஐம்பது என்று அளவு வகுத்த இலக்கியத்தின் பெயரை ஏழு பாட்டுக்கு வைப்பதா என்று கேட்கலாம். பேரிலக்கியப் பெயர் புழக்கத்துக்கு வந்தால் அதன் மதிப்பு குறையும் என்று நான் நினைக்கவில்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் வாயில் மட்டுமே உயிர் வாழ்கிற சொல், தெருச் சுவரில் ஏறட்டும். இலவசம் என்ற பொருள் இதில் இல்லையே என்றால், மிக்ஸ்டேப் என்ற சொல்லிலும் அது இல்லை. வேண்டுமானால் விலையில்லாக் கலம்பகம் என்று எழுதலாம்.

அவனுடைய சுவரொட்டிக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: “ஏழு பாட்டு. விலையில்லாக் கலம்பகம். ஆல்பம் அடுத்த ஆண்டு.”