பந்து ஏன் லிஃப்டில் இறங்குகிறது?

மாணவர் அனிமேஷன் போட்டிக்குத் தோழியோடு சேர்ந்து படம் செய்யும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "பந்து கையிலிருக்கும் படம், தரையைத் தொடும் படம், இந்த இரண்டையும் தோழி வரைந்தாள். நடுவில் மூன்று படங்களை நான் வரைந்தேன். ஓட்டிப் பார்த்தால் பந்து விழவில்லை, லிஃப்டில் இறங்குவது போல இறங்குகிறது. தப்பு யார் மேல்?"

சண்டை முற்றுவதற்குள் சொல்லிவிடுகிறேன். வரைந்த இரண்டு கைகளிலும் தப்பில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருக்க வேண்டிய சின்னத் தகவல் ஒன்று போகவில்லை, அவ்வளவுதான்.

அடிப்படை தெரிந்ததுதான். திரையில் நொடிக்கு 24 ஃபிரேம்கள் ஓடுகின்றன. கையால் வரைபவர்கள் ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் நிறுத்தி, நொடிக்கு 12 படங்களோடு சமாளித்துக்கொள்வார்கள். விழித்திரையில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்குவதால்தான் அசைவு தெரிகிறது என்று பல பாடநூல்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றன. தங்கினால் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கறைதானே தெரிய வேண்டும்? அசைவை உருவாக்குவது மூளை. 1912இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் வெளியிட்ட ஆய்வில், இரண்டு கோடுகளை ஏறக்குறைய 60 மில்லிநொடி இடைவெளியில் மாற்றி மாற்றிக் காட்டியபோது, ஒரே கோடு நகர்வதாகத்தான் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. அவர் இந்த ஆராய்ச்சியை ஒரு பொம்மை ஸ்ட்ரோபோஸ்கோப்பை (படங்களை வேகமாக மாற்றிக் காட்டி அசைய வைக்கும் கருவி) வாங்கித் தொடங்கினார் என்று ஒரு கதை உண்டு. இன்று "பொம்மை வாங்க வேண்டும்" என்று எழுதி ஆய்வு நிதி கேட்டுப் பாருங்கள்!

சரி, பந்துக்கு வருவோம். அந்த மாணவி தூரத்தை நான்கு சம பாகமாகப் பிரித்திருக்கிறார். சமமான நேரத்தில் சமமான தூரம் என்றால் சீரான வேகம். லிஃப்ட் அப்படித்தான் இறங்கும். விழும் பொருளோ அடுத்தடுத்த சம நேரங்களில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் இறங்கும். கலிலியோ கண்டுபிடித்த கணக்கு இது. ஒரு படத்துக்கு 1/12 நொடி என்று வைத்தால், பந்து கையை விட்டபின் ஏறக்குறைய 3, 14, 31, 54 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சமமாகப் பிரித்தவருக்கு வந்திருப்பது 14, 27, 41, 54. கையை விட்ட அடுத்த படத்திலேயே பந்து அவசரப்பட்டுவிட்டது.

இதைத் தோழி எப்படிச் சொல்லியிருக்கலாம்? பழைய அனிமேட்டர்கள் முக்கியப் படத்தின் (தோழி வரைந்தது போன்ற தொடக்க, முடிவுப் படங்களின்) ஓரத்தில் ஒரு குட்டி ஏணி வரைந்துவிடுவார்கள். டைமிங் சார்ட் என்று பெயர். மேல் முனை முதல் படம், கீழ் முனை கடைசிப் படம். நடுவில் எந்தப் படம் எங்கே வரும் என்று காட்டக் குறுக்குக் கோடுகள். வேறு ஒரு வார்த்தைகூடப் பேசத் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கோடுகள் விழும் விதம். பெரும்பாலும் எல்லாம் பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. இரண்டு தாள்களை, அடியிலிருந்து வெளிச்சம் வரும் விளக்குப் பலகையில் அடுக்கினால் நடுப்புள்ளியை யாரும் கண்ணாலேயே பிடித்துவிடலாம். மூன்றில் ஒரு பங்கைக் கேட்டால் கை தடுமாறும். அதனால் நம் பந்துக்கு ஏணி இப்படி வரும்: முதலில் நான்காம் படத்தைச் சரிபாதியில், அதாவது 27 சென்டிமீட்டரில் வரை. அதற்கும் முதல் படத்துக்கும் நடுவே மூன்றாம் படம், 14. அதற்கும் முதல் படத்துக்கும் நடுவே இரண்டாம் படம், 7. உண்மையான விழுதலில் இவை 31, 14, 3. மூன்றாம் படம் அச்சாகப் பொருந்துகிறது! பாதி நேரத்தில் கால்வாசி தூரம்தான் விழும் என்ற இயற்பியல் விதி, பாதியில் பாதி எடுக்கும் கைப்பழக்கத்துக்குள் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. மற்ற இரண்டிலும் மூன்று நான்கு சென்டிமீட்டர் பிசகு உண்டு. ஓடும் படத்தில் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

மென்பொருளில் செய்தாலும் இதேதான். நடுப்படங்களைச் சமமாக நிரப்பும்படி விட்டுவிட்டால் அங்கேயும் லிஃப்ட்தான் வரும். வேகம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைகோட்டை நீங்கள்தான் வளைக்க வேண்டும்.

அப்புறம், துள்ளல். மேலே போகும் பந்துக்கு அதே ஏணியைக் கீழிருந்து படித்தால் போதும். ஆனால் பந்து பழைய உயரத்துக்குப் போகாது, படங்களையும் குறைக்க வேண்டும். எத்தனை என்று கேட்டு இருவரும் மறுபடி சண்டை போட வேண்டாம். உயரம் கால்வாசி என்றால் நேரம் பாதி. ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குப் போவதை ஒரு படி என்று வைத்தால், விழ நான்கு படி எடுத்த பந்து, எழும்ப இரண்டே படி எடுக்கும். நடுவில் ஒரே ஒரு படம், புது உயரத்தில் முக்கால் பங்கில்.