ரெஃப்ரி: நடுவர் எங்கே நிற்க வேண்டும்?

வடசென்னையில் ‘ரெஃப்ரி’ என்றால் என்ன என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடும் பையனுக்கும், ராயபுரம், காசிமேடு பக்கம் பாக்சிங் பழகும் பிள்ளைக்கும் அது அன்றாடச் சொல். ஃபுட்பாலில் கொடியோடு ஓடுபவர் ‘லைன்ஸ்மேன்’. கேரம் போர்டு பக்கத்தில் உட்கார்ந்து ஃபவுல் பார்ப்பவர் ‘அம்பயர்’. பாக்சிங்கில் ரிங்குக்குள் இருப்பவர் ரெஃப்ரி, வெளியே இருந்து பாயின்ட் போடுபவர் ‘ஜட்ஜ்’. மறுநாள் செய்தித்தாளைப் பிரித்தால் இவர்கள் அத்தனை பேரும் ‘நடுவர்’. பட்டிமன்றத்தில் தீர்ப்புச் சொல்பவரும் நடுவர்தான்.

நடுவர் சரியான சொல்தானா, இந்த ஒரே சொல் எல்லாருக்கும் போதுமா என்ற கேள்விக்கு எனக்கு வழிகாட்டியது ஐஸ் ஹாக்கி, அதாவது பனிக்கட்டித் தளத்தில் சறுக்கியபடி ஆடும் ஹாக்கி. நம் ஊரில் பனியும் இல்லை, அந்த ஆட்டமும் இல்லை. இந்தியாவில் லடாக் பக்கம்தான் அதற்கு உயிர் இருக்கிறது. ஆனால் ரெஃப்ரி எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே கோல் உண்டா இல்லையா என்று முடிவாகிவிடுகிற ஆட்டம் அது.

முதலில் சொல்லின் பிறப்பு. ‘ரெஃபர்’ என்பதன் லத்தீன் வேருக்குத் திரும்பக் கொண்டுவருதல் என்று பொருள். யாரிடம் விஷயம் கொண்டுவரப்படுகிறதோ அவர் ரெஃப்ரி. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் காப்புரிமை விண்ணப்பங்களைப் பரிசீலித்தவர்களுக்கு இந்தப் பெயர் இருந்தது. விளையாட்டுக்குள் அது வந்தது பிற்பாடுதான். 19-ஆம் நூற்றாண்டு ஃபுட்பாலில் ஒவ்வொரு அணியும் தனக்கென ஓர் அம்பயரைக் கூட்டிவரும். அந்த இருவரும் ஒத்துப்போகவில்லை என்றால் மட்டும் கோட்டுக்கு வெளியே நிற்கும் ரெஃப்ரியிடம் வழக்குப் போகும். அவராகத் தலையிட மாட்டார். 1891-இல்தான் அவரை ஆடுகளத்துக்குள் கொண்டுவந்தார்கள். அம்பயர்கள் கோட்டுக்குப் போய் லைன்ஸ்மேன் ஆனார்கள்.

இந்தப் பழைய ரெஃப்ரியை நம் மீனவர் குப்பங்களில் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். வலை அறுந்த தகராறை ஊர்ப் பஞ்சாயத்தில் கொண்டுபோய் வைத்தால்தான் பெரியவர்கள் பேசுவார்கள். கொண்டுபோனால் கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். ரெஃப்ரி என்ற சொல்லின் அடியில் இருப்பது இந்த உறவுதான்.

‘அம்பயர்’ கதை வேறு. பழைய பிரெஞ்சில் ‘நோன்பேர்’, அதாவது இணை இல்லாதவர். இரண்டு பேர் சண்டை போடும்போது எந்தப் பக்கத்துக்கும் ஜோடி சேராத மூன்றாம் ஆள். ஆங்கிலத்துக்கு வந்ததும் முதல் ‘ந்’ ஒலி முன்னால் இருந்த ‘எ’ (a) என்ற சிறுசொல்லோடு ஒட்டிக்கொள்ள, மிச்சம் ‘அம்பயர்’ ஆயிற்று.

தமிழில் ‘நடு’ என்பதிலிருந்து நடுவு, நடுவண், நடுவர். நியாயம் தவறாதவன் என்பதால் எமனுக்கும் நடுவன் என்று ஒரு பெயர் உண்டு. பேச்சு வழக்கில் இருக்கும் ‘மத்தியஸ்தர்’ வடமொழி; நடுவில் நிற்பவர் என்பது அதன் நேர்ப்பொருள். நடுவர் என்ற சொல்லில் ‘நிற்பவர்’ கிடையாது. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரம் தராசைக் காட்டி, ‘ஒருபால் கோடாமை’ என்கிறது. எந்தப் பக்கமும் சாயாத மனம்தான் அங்கே பேசப்படுகிறது. ஆள் எங்கே நிற்கிறார் என்ற பேச்சே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், எங்கள் பக்கத் திடல்கள் பலவற்றில் ரெஃப்ரி மேட்ச் முழுக்க சென்டர் சர்க்கிளை விட்டு நகர்வதில்லை. நடுவர் என்றால் நடுவில் நிற்க வேண்டும் என்ற நினைப்பு ஆழமாக ஊறியிருக்கிறது. முறையாகப் பயிற்சி எடுத்த ஃபுட்பால் ரெஃப்ரி மூலைக்கு மூலை குறுக்காக ஓடுவார்.

ஐஸ் ஹாக்கியில் இது இன்னும் கடுமை. என்.எச்.எல். எனப்படும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் ஆடுகளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஓரமெல்லாம் பலகையும் கண்ணாடியும். பந்துக்குப் பதிலாக ‘பக்’ என்னும் ரப்பர் வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குல கனம். பலமாக அடித்தால் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். உள்ளே நான்கு அதிகாரிகள்: கையில் ஆரஞ்சுப் பட்டை கட்டிய இரண்டு ரெஃப்ரிகள், ஆஃப்சைடும் (பக்குக்கு முன்பே எதிரணி முனைக்குள் நுழைவது) ஐசிங்கும் (தன் பாதியிலிருந்தே பக்கை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டி அடித்துவிடுவது) பார்க்கிற இரண்டு லைன்ஸ்மேன்கள். தாக்குதல் ஒரு முனைக்கு வந்ததும் ஒரு ரெஃப்ரி கோல் கோட்டின் மூலைப் பக்கம் போய்விடுவார். பக் வலையை நெருங்க நெருங்க அவரும் கம்பத்தை நோக்கி வருவார், கோட்டைத் தாண்டியதா என்று நேர்க்கோட்டில் பார்க்க. இன்னொருவர் பின்னால் இருந்து, பக் இல்லாத இடத்தில் யார் யாரை இடிக்கிறார் என்று கவனிப்பார். ஆட்டம் மறுமுனைக்குத் திரும்பினால் இருவரின் வேலையும் மாறிவிடும். இருவரில் ஒருவரும் நடுவில் நிற்பதில்லை.

ஏன் இவ்வளவு பாடு? பக் ரெஃப்ரியின் கண்ணில் இருந்து மறைந்தால் அவர் விசில் ஊத வேண்டும் என்பது விதி. அதோடு, ஊத வேண்டும் என்று அவர் முடிவெடுத்த நொடியிலேயே ஆட்டம் நின்றதாகக் கணக்கு. விசில் சத்தம் பிறகு வந்தாலும் சரி. கோல்கீப்பரின் காலடியில் பக் இன்னும் உருண்டுகொண்டிருக்கும். தவறான கோணத்தில் நிற்பவருக்கு அது தெரியாது. அவர் மனதில் நிறுத்திவிட்டால், அப்புறம் உள்ளே போன கோல் கோலே இல்லை. மூன்றடி தள்ளி நின்றிருந்தால் கணக்கு வேறு. அதனால் நிற்குமிடம் என்பதை வெறும் உடற்பயிற்சி விஷயமாக நான் பார்ப்பதில்லை. சாயாத மனம் கொண்டவர் தவறான இடத்தில் நின்றால், ஆடுபவனுக்குக் கிடைப்பது அதே அநியாயம்தான்.

1993 மே மாதம் நடந்தது இதற்குச் சாட்சி. என்.எச்.எல். லீக்கில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸும் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸும் மோதிய ஏழு ஆட்டத் தொடரின் ஆறாவது ஆட்டம், கூடுதல் நேரம். கிங்ஸின் வேன் கிரெட்ஸ்கியின் மட்டை டொராண்டோவின் டக் கில்மோரின் முகத்தில் பட்டு ரத்தம் வந்தது. அன்று களத்தில் ஒரே ரெஃப்ரி, கெர்ரி ஃப்ரேசர். அவர் பார்க்கவில்லை. லைன்ஸ்மேன்களிடம் கேட்டார், அவர்களும் பார்த்ததாகச் சொல்லவில்லை. தண்டனை இல்லை. கொஞ்ச நேரத்தில் கிரெட்ஸ்கியே வெற்றி கோல் அடித்தார், ஏழாவது ஆட்டத்தையும் கிங்ஸ் வென்றது. தான் பார்க்கத் தவறியதை ஃப்ரேசர் பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். லீக் இரண்டு ரெஃப்ரி முறையை 1998-99-இல் சில ஆட்டங்களில் பரிசோதித்து, 2000-01 முதல் எல்லா ஆட்டங்களுக்கும் கொண்டுவந்தது.

பார்க்கத் தவறினால் பதில் சொல்வது யார்? 2019-இல் அதே லீக்கில் வேகஸ், சான் ஹோசே அணிகளின் தொடரில் ஏழாவது ஆட்டத்தில், 3-0 என முன்னிலையில் இருந்த வேகஸுக்கு ஐந்து நிமிடப் பெரிய தண்டனை கொடுத்தார்கள்; அதுவரை ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் சான் ஹோசே நான்கு கோல் போட்டது, கூடுதல் நேரத்தில் வென்றது. அந்தத் தண்டனை தவறு என்று லீக் வேகஸ் அணியிடம் மன்னிப்புக் கேட்டது. அந்த ரெஃப்ரிகளுக்கு அடுத்த சுற்றில் ஆட்டம் தரவில்லை. அடுத்த பருவத்தில், இப்படிப்பட்ட பெரிய தண்டனைகளை ரெஃப்ரிகளே வீடியோவில் மறுபடி பார்க்க விதி வந்தது. போன ஆட்டம் போனதுதான். ஆனால் தவறை ஒத்துக்கொண்டு விதியையே திருத்தியதை நான் மதிக்கிறேன்.

2021 மார்ச்சில் நடந்தது வேறு வகை. நாஷ்வில் அணிக்கு எதிராக ஆரம்பத்திலேயே ஒரு தண்டனை கொடுக்க நினைத்ததாக ரெஃப்ரி டிம் பீல் பேசியது மைக்கில் பதிவாகிவிட்டது. இனி அவர் லீக்கில் நடுவராக இருக்க மாட்டார் என்று அறிவித்தார்கள். ஃப்ரேசருக்குத் தவறியது கண். இங்கே தராசே சாய்ந்தது.

சரி, எந்தத் தமிழ்ச் சொல்? ரெஃப்ரிக்கு ‘நடுவர்’ என்பதே இருக்கட்டும். தீர்ப்பாளர் என்று மாற்றச் சொல்பவர்கள் உண்டு. தீர்ப்பு மட்டும் அதில் இருக்கிறது, சாயாமை இல்லை. லைன்ஸ்மேனுக்குச் சிலர் எழுதும் ‘எல்லைக்கோட்டு நடுவர்’ ஃபுட்பாலுக்குப் பொருந்தும். ஐஸ் ஹாக்கியில் அவர் பார்ப்பது களத்தின் குறுக்கே போகும் நீலக்கோடுகளை, ஆகவே ‘கோட்டு நடுவர்’ போதும். முன்னே, பின்னே நிற்கும் இரண்டு ரெஃப்ரிகளை ‘கோல்முனை நடுவர்’, ‘பின்நிலை நடுவர்’ என்று பிரிக்கலாம். பாக்சிங் செய்தி எழுதுபவர்கள் ரிங்குக்குள் இருப்பவரை மட்டும் நடுவர் என்று சொல்லி, வெளியே பாயின்ட் போடுபவரை ‘மதிப்பெண் நடுவர்’ என்று எழுதினால், ஆட்டத்தை நிறுத்தியது யார், தோற்றதாகக் கணக்குப் போட்டது யார் என்று படிப்பவருக்கு உடனே தெரியும். யாரிடம் போய்க் கேள்வி கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.