ஐந்தாவது வாரத்தில் மூளை ஏன் மக்கர் செய்கிறது?

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2011 ஜனவரியில் தொழில்முனைவர் ஸ்டீவ் பிளாங்க் தொடங்கிய 'லீன் லாஞ்ச்பேட்' வகுப்பில் புத்தகத்தைவிடச் செருப்புதான் அதிகம் தேயும். மொத்தம் பத்து வாரம். ஒவ்வொரு அணியும் ஒரு தொழில் யோசனையோடு வரவேண்டும். அதை யார் வாங்குவார்கள் என்று நினைக்கிறார்களோ அவர்களைத் தேடிப் போய்ப் பேசவேண்டும். வாரத்துக்குப் பத்துப் பதினைந்து பேர், வகுப்பு முடிவதற்குள் நூறு பேர் என்பது கணக்கு. கேட்டு வந்ததை வாராவாரம் எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். ஆசிரியர்கள் தாட்சண்யம் பார்க்க மாட்டார்கள். அப்படித்தான் பேசுவோம் என்று முன்கூட்டியே சொல்லியும் விடுகிறார்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை அதே ஆண்டில் இந்த முறையை எடுத்து, ஆய்வாளர்களுக்கான 'ஐ-கார்ப்ஸ்' பயிற்சியாக்கியது. சென்னை ஐஐடியில் உள்ள கோபாலகிருஷ்ணன்-தேஷ்பாண்டே மையமும் ஐ-கார்ப்ஸைத் தழுவி ஒரு பயிற்சி நடத்துகிறது.

இப்படிப்பட்ட வகுப்பில் சேரும் எவருக்கும் முதல் இரண்டு வாரம் திருவிழாதான். ஐந்தாவது வாரம் வரும்போது போனை எடுத்து இன்னொரு புது ஆளை அழைக்கக் கை வராது. இதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் உள்ளே நடப்பது வேறு.

சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபூர்க் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் நடுமூளையில் மெல்லிய மின்முனையைச் செருகி, டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்கள் எப்போது துடிக்கின்றன என்று பதிவு செய்தார். எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் அணுக்கள் படபடவென்று துடித்தன. ஒரு சமிக்ஞை வந்தால் பின்னாலேயே சாறு வரும் என்று குரங்கு பழகிக்கொண்ட பிறகு கதை மாறியது. இப்போது சமிக்ஞைக்குத் துடித்தன. சாறு வந்தபோது எப்போதும்போல இருந்தன. சரி, சமிக்ஞை வந்து சாறு வராமல் போனால்? சாறு வரவேண்டிய அந்தக் கணத்தில் வழக்கமான துடிப்புகூட அடங்கிப்போனது. பீட்டர் டயன், ரீட் மான்டேகு இருவரோடும் சேர்ந்து 1997இல் ஷுல்ட்ஸ் எழுதிய கட்டுரை இதற்கு ஒரு விளக்கம் தந்தது. இந்த அணுக்கள் சொல்வது பரிசின் அளவை அல்ல. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. டோபமைனை 'இன்ப ரசாயனம்' என்று ரீல்ஸில் சொல்கிறார்களே, அது அரைகுறை.

முதல் வாரத்தில் மாணவருக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. யாராவது நின்று பேசினாலே லாபம். 'நல்ல யோசனையாக இருக்கிறதே' என்று ஒருவர் சொன்னால் அன்றைக்குப் பொழுது நன்றாகப் போகும். நான்கு வாரம் கழித்து அதே சொல் காதில் ஏறாது, ஏனென்றால் மூளை அதற்குள் 'எப்போது தருவீர்கள், என்ன விலை?' என்ற கேள்விக்குக் காத்திருக்கப் பழகிவிட்டது. அது வராத ஒவ்வொரு சந்திப்பும் கணக்கில் கழித்தலாகிறது. எதிரில் இருப்பவர்கள் மாறவில்லை, எதிர்பார்ப்புதான் ஏறிவிட்டது. குரங்கின் பழச்சாற்றிலிருந்து மாணவரின் சோர்வுக்குத் தாவுவது பெரிய தாவல்தான். ஆனாலும் மனித மூளையை ஸ்கேன் செய்த ஆய்வுகளிலும் இதே மாதிரி வித்தியாசக் கணக்கு தெரிந்திருக்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இலக்கு நெருங்க நெருங்க எலிகள் வேகமெடுக்கின்றன என்று கிளார்க் ஹல் 1930களிலேயே காட்டினார். மனிதர்களும் அப்படித்தான், காபிக் கடையில் பத்து முத்திரை குத்தினால் ஒரு காபி இலவசம் என்றால், கடைசி முத்திரைகளுக்காக அடிக்கடி போவார்கள். நடுவில் என்ன ஆகிறது என்பதை 2011இல் பொனெஸ்ஸி, பிரெண்டில், டி ஆஞ்சலிஸ் மூவரும் ஆராய்ந்தார்கள். தொடக்கத்தில் எவ்வளவு தூரம் வந்தோம் என்று பார்க்கிறோம். முடிவில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறோம். நடுவில் எப்படிப் பார்த்தாலும் ஓர் அடி பெரிதாகத் தெரிவதில்லை. பத்து வார வகுப்பில் ஐந்தாவது வாரம் சரியாக அந்தப் பள்ளத்தில் விழுகிறது.

இந்தப் பள்ளத்திலிருந்து சிலர் ஏறிவிடுகிறார்கள், சிலர் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, இன்று படித்தாலும் சங்கடப்படுத்தும் ஒரு பழைய சோதனைக்குப் போகவேண்டும். 1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குழு நாய்கள் தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் நடுவில் தாழ்வான தடுப்பு உள்ள பெட்டியில் விட்டார்கள். தாண்டிக் குதித்தால் தப்பிவிடலாம். முதல் குழு குதித்தது. இரண்டாவது குழுவில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. இயலாமையைக் கற்றுக்கொண்டன என்று அப்போது முடிவு கட்டினார்கள்.

சுவாரசியமே அதற்குப் பிறகுதான். மையர் பல ஆண்டுகள் எலிகளின் மூளையைத் துருவினார். 2016இல் இருவரும் சேர்ந்து, தாங்கள் சொன்னது தலைகீழ் என்று எழுதினார்கள். நீண்ட நேரம் தொல்லை வந்தால் முடங்கிப்போவது மூளைத்தண்டிலிருந்து தானாகவே வரும் எதிர்வினை. அதைக் கற்க வேண்டியதில்லை. 'நான் செய்வதால் ஏதோ மாறுகிறது' என்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. அதைக் கண்டுபிடிக்கும் முன்மூளைப் பகுதி, முடக்கும் பகுதியை அடக்குகிறது. ஒருமுறை இந்தக் கட்டுப்பாட்டை அனுபவித்த எலி, பிறகு தப்பிக்க வழியில்லாத தொல்லையிலும் அவ்வளவு எளிதில் முடங்கவில்லை. ஐம்பது ஆண்டுக்கால சொந்தக் கொள்கையைத் தாங்களே புரட்டிப்போட்ட அறிவியலாளர்கள் அதிகம் இல்லை.

இதை வைத்துக்கொண்டு பிளாங்கின் வகுப்பைத் திரும்பிப் பார்த்தால் ஒரு சின்ன விஷயம் கண்ணில் படும். ஒவ்வொரு வாரமும் அணிகள் காட்டும் முதல் ஸ்லைடில் அணியின் பெயரோடு ஓர் எண் இருக்கும்: இதுவரை எத்தனை பேரிடம் பேசினோம். எத்தனை பேர் வாங்கச் சம்மதித்தார்கள் என்பதல்ல. சம்மதம் அடுத்தவர் கையில் இருக்கிறது. பேசுவது நம் கையில் இருக்கிறது. எண்ணுவதை நம் கையில் இருப்பதற்கு மாற்றிவிட்டால், 'வேண்டாம்' என்று கேட்ட நாளிலும் அந்த எண் ஒன்று கூடும். மூளை தேடும் 'செய்தேன், மாறியது' என்ற சான்று அங்கே கிடைக்கிறது. வகுப்பை வடிவமைத்தவர்கள் நரம்பியலை மனதில் வைத்துத்தான் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வேறு வகுப்பில் படிப்பவர்களும் சும்மா எடுத்துக்கொள்ளக்கூடிய உத்தி இது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஒருவரைச் சந்திக்கும் முன், அவர் என்ன சொல்வார் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். 'வாங்குவீர்களா?' என்று கேட்கக் கூடாது. மரியாதைக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவார்கள். 'கடைசியாக இந்தத் தொல்லை வந்தபோது என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது?' என்று கேட்கவேண்டும். திரும்பி வந்து எழுதியதோடு ஒப்பிட்டால், ஊகம் பொய்த்த இடம்தான் அன்றைய வரவு. விற்பனையைக் குறிவைத்த எதிர்பார்ப்பு தகவலின் பக்கம் திரும்பிவிடுவதால், அதே 'வேண்டாம்' இப்போது வெறும் கழித்தலாக இருக்காது.

முதல் ஆண்டு வகுப்பில் ஹோர்ஹே ஹெராடும் லீ ரெட்டனும் இருந்த அணி, பெரிய புல்வெளிகளை ஆளில்லாமல் வெட்டும் வண்டி செய்யலாம் என்று வந்தது. ஆட்களிடம் பேசப் பேச வேறு ஒரு வலி தெரியவந்தது. இயற்கை முறையில் கேரட் பயிரிடுபவர்கள் களைக்கொல்லி அடிக்க முடியாது. ஆள் வைத்துக் கையால் பிடுங்கவேண்டும், கூலி எகிறுகிறது. அணி புல்வெளியை விட்டது. கேமராவால் பயிரையும் களையையும் பிரித்தறியும் கருவியின் பக்கம் போனது. பிறகு அது ப்ளூ ரிவர் டெக்னாலஜி என்ற நிறுவனமானது. லெட்யூஸ் கீரை வயலில் நெருக்கமாக முளைத்த நாற்றுகளில் அதிகப்படியானதை நீக்கிவிடும் இயந்திரத்தைச் செய்தது. 2017இல் டிராக்டர் நிறுவனமான ஜான் டீர் அதை 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. இவர்களை விடாமுயற்சிக்காரர்கள் என்பதா, முதல் யோசனையைப் பத்து வாரத்துக்குள் கைவிட்டவர்கள் என்பதா? இரண்டும் உண்மை. உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் 2007இல் முன்வைத்த 'கிரிட்' என்ற உறுதிக் குணத்தைக் கல்லூரிகள் மந்திரம்போல் ஓதுகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மார்க்கஸ் கிரெடேயின் குழு 2017இல் சொன்னது வேறு: அதற்கும் சாதனைக்கும் உள்ள தொடர்பு மிதமானதே, அதில் பெரும்பங்கு 'பொறுப்புணர்வு' என்று உளவியலில் ஏற்கெனவே அளக்கும் குணமேதான். பிடித்த யோசனையைக் கட்டிக்கொண்டு அழுவதை உறுதி என்று பாராட்டும் போஸ்டர்களை எடுத்துவிடலாம் என்பது என் கருத்து.

அப்புறம் அந்த போன் விஷயம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன வழி கேட்க அற்பமாக இருக்கும்: 'இந்த வாரம் நிறையப் பேரிடம் பேசுவேன்' என்பதற்குப் பதிலாக, 'செவ்வாய் காலை கேன்டீனில் டீ வாங்கி உட்கார்ந்ததும் பட்டியலில் முதல் எண்ணை அழைப்பேன், எடுக்காவிட்டால் உடனே இரண்டாவது' என்று எழுதுவது. முடிவை முன்பே எடுத்துவைத்ததால், அந்த நேரத்தில் மனநிலையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, டீயே ஞாபகப்படுத்திவிடும். 2006இல் பாஸ்கல் ஷீரனோடு சேர்ந்து அவர் 94 சோதனைகளைத் தொகுத்தபோது, இலக்கை எட்டுவதில் இதற்கு நடுத்தரத்துக்கும் மேலான பலன் தெரிந்தது. ஒரு நிபந்தனை உண்டு. இலக்கின் மேல் நிஜமாகவே விருப்பம் இருந்தால்தான் இது வேலை செய்கிறது. மதிப்பெண்ணுக்காக மட்டும் வந்து உட்கார்ந்தவருக்கு அந்த வரி நோட்டிலேயே கிடக்கும். அவர் தேர்ச்சிக்குத் தேவையான அளவு செய்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பதில் தப்பும் இல்லை.