மழையை எட்டித் துப்பும் கோட்டை

ஜப்பானில் கோட்டை பார்க்கப் போகிறவர்கள் அண்ணாந்து கோபுரத்தைத்தான் பார்ப்பார்கள். கோச்சியில் (கேரளத்துக் கொச்சி இல்லை, ஷிகோகு தீவில் இருக்கும் ஊர்) முதலில் மதிலைப் பாருங்கள். கோயில் கோமுகிபோல, குழிவாகச் செதுக்கிய கல் ஒன்று நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம் இது. இந்தப் பகுதியின் முதல் பிரபு யாமாவுச்சி கஸுதோயோ 1601-இல் கட்டத் தொடங்கிய இந்தக் கோட்டையின் மதிலில் சாந்தே கிடையாது. முரட்டுக் கற்களை அப்படியே அடுக்கி, பின்னால் சிறு கற்களை நிரப்பியிருக்கிறார்கள். ஊறி வரும் நீர் இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். வழி அடைபட்டால் ஈர மண்ணின் எடையும் நீரின் அழுத்தமும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ள, சுவர் வயிறு தள்ளி நிற்கும். ஜப்பானியர் இதைச் சூல் கொண்ட வயிற்றைச் சொல்லும் சொல்லால்தான் குறிப்பிடுகிறார்கள்.

சரி, மேல்தளத்தில் விழும் மழை? அது மதிலை ஒட்டி வழிந்தால் அடிமண்ணை அரித்துவிடும். அதனால்தான் அந்தக் கல் தூம்பு, நீரைச் சுவரிலிருந்து தள்ளி எறிகிறது. அது விழும் இடத்திலும் மண் பறிக்காமலிருக்கக் கல் பாவியிருக்கிறார்கள்.

சுவர்ப் பூச்சிலும் இதே கவலை தெரிகிறது. ஜப்பானில் வழக்கமாகச் சுண்ணாம்போடு கடற்பாசிப் பசை சேர்ப்பார்கள். அது நீரில் கரையும். இந்த வட்டாரத்துக்காரர்கள் பசையை விட்டுவிட்டு, புளிக்கவைத்த வைக்கோலைக் குழைத்தார்கள். பூசும்போது வெளிர்மஞ்சளாக இருப்பது வெயில் பட்டு வெளுக்கும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து மெல்லக் கல்லாக இறுகும்.

ஜப்பானில் ஒரே ஒலியை வேறு வேறு பொருளுள்ள எழுத்துகளால் எழுதலாம். கோட்டை நிற்கும் மலைக்குக் கஸுதோயோ வைத்த 'கோச்சி' என்ற பெயரை முதலில் எழுதிய எழுத்துகளுக்கு 'ஆறுகளின் நடுவே' என்று பொருள். வெள்ளத்தால் சலித்துப்போன இரண்டாம் பிரபு தடாயோஷி, ஒலியை வைத்துக்கொண்டு எழுத்துகளை மட்டும் மாற்றினார்!

1727-இல் தீ பெரும்பகுதியை விழுங்கியது. இப்போது நிற்பது 1749 வாக்கில் பழைய பாணியிலேயே எழுப்பியது. கோபுரமும் அதை ஒட்டிய உள்கோட்டை மாளிகையும் இன்றுவரை சேர்ந்தே நிலைத்திருக்கும் கோட்டை ஜப்பானில் இது ஒன்றுதான்.

மாளிகைக்குள் பிரபு அமரும் அறையின் தரை ஒரு படி உயரம். பக்கத்திலேயே காவல் வீரர்கள் ஒளிந்திருக்க ஓர் அறை. அப்புறம், அறைகளுக்கு நடுவே கதவுக்கு மேலிருக்கும் மரச் சட்டத்தைப் பாருங்கள். வெளியே இவ்வளவு பாடுபட்டுத் தண்ணீரை விரட்டியவர்கள், அங்கே தலைக்கு மேல் கடல் அலைகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.