மங்கோலிய மூலிகைப் பொடி இரத்த உறைவைத் தடுக்குமா?

மங்கோலியப் பாரம்பரிய மருத்துவத்தில் ஒற்றை மூலிகையை விடக் கூட்டு மருந்துகளே அதிகம். பல சரக்குகளை இடித்துச் சேர்த்த பொடி, எத்தனை சரக்கோ அந்த எண்ணையும் பெயரில் தாங்கியிருக்கும். பௌத்தத்தோடு திபெத்திலிருந்து போன மருத்துவம் இது. திபெத்துக்கு அதில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து போனது. அதனால் நம் வாதம், பித்தம், கபம் அங்கே ஹீ, ஷர், பத்கான் என்று வழங்குகின்றன. அந்தக் குளிரில் விளையாத கடுக்காயும் பல பொடிகளில் உண்டு.

சரி, இப்படி ஒரு பொடி இரத்தம் உறைவதைத் தடுக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

எடுத்த இரத்தத்தின் ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு சோடியம் சிட்ரேட் சேர்ப்பார்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் இரத்தம் உறையாது. அதைச் சுழற்றி, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்து, மூலிகைச் சாற்றைக் கலந்து, பிறகு உறைதலைத் தூண்டும் திசுப் பொருளையும் கால்சியத்தையும் விட்டு நேரம் பார்ப்பார்கள். ஆர்மண்ட் குவிக் 1935இல் வெளியிட்ட முறை இது. மருத்துவமனைச் சீட்டில் பி.டி. என்று வருவது இதுதான். சாறு கலக்காத பிளாஸ்மா சுமார் 12 நொடியில் உறையும். ஏ.பி.டி.டி. என்ற இன்னொரு சோதனை வேறு பாதையில் உறைதலைத் தொடங்கிவைக்கும். எதில் நேரம் நீள்கிறது என்பதை வைத்து, எந்தப் படியில் தடை விழுகிறது என்று ஊகிக்கலாம்.

உறைதலின்போது ஒன்றாகத் திரளும் நுண்ணிய இரத்தத் துணுக்குகளான தட்டணுக்களுக்குச் சோதனை தனி. அவை மிதக்கும் பிளாஸ்மா கலங்கலாக இருக்கும். தூண்டியதும் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள, கலங்கல் தெளிந்து ஒளி ஊடுருவும். அந்த ஒளியை அளக்கும் கருவியை 1962இல் குஸ்டவ் போர்ன் விவரித்தார். ஆஸ்பிரின் பி.டி.யை மாற்றாது, அதன் வேலை இங்கேதான் தெரியும்.

சோதனைக் குழாயில் நேரம் நீண்டுவிட்டது என்றதும் மருந்து கிடைத்துவிட்டதாக எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். கடுக்காயில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். அது புரதங்களைப் பிடித்துப் படியவைக்கும்; உறைதலுக்கு வேண்டிய புரதங்களும் அதில் சிக்கலாம். ஆனால் வயிற்றுக்குள் போன பெரிய டானின் மூலக்கூறுகள் அப்படியே இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. சாறு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டாலும் நேரம் நீளும். ஆகவே டானினை நீக்கிவிட்டு ஒரு முறை, கால்சியத்தைக் கூட்டி ஒரு முறை சோதித்தே ஆகவேண்டும்.

நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. வார்ஃபரின் என்ற உறைதல் தடுப்பு மருந்தைச் சோதனைக் குழாயில் விட்டால் ஒன்றும் நடக்காது. கல்லீரல் புதிதாக உறைதல் புரதங்களைச் செய்யும்போது வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பதுதான் அதன் வழி. அந்த மருந்துக்கு வித்திட்டதும் ஒரு செடிதான். 1920களில் கனடாவிலும் வட அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் மெலிலோட்டஸ் என்ற தீவனச் செடியின் பூஞ்சை பிடித்த வைக்கோலைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. நல்ல வைக்கோலைத் தின்றவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. செடியிலிருந்த கூமரினைப் பூஞ்சை டைகூமராலாக மாற்றியிருந்தது. மெலிலோட்டஸ் மங்கோலியாவிலும் வளர்கிறது. மூலிகையை எப்படிக் காயவைத்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்பதும் சோதனையில் சேரவேண்டியது இதனால்தான்.

அப்புறம் விலங்குகளுக்குப் பல நாள் வாய்வழியாகக் கொடுத்து இரத்தத்தைப் பார்க்கவேண்டும். வார்ஃபரினும் பொடியும் சேர்த்துக் கொடுத்த ஒரு குழுவும் அதில் கட்டாயம் வேண்டும். பொடி தனியாக எதுவும் செய்யாமலே, வார்ஃபரினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை மந்தப்படுத்தினால் போதும், பி.டி. நேரத்தைப் பொதுவான அளவாக மாற்றிச் சொல்லும் ஐ.என்.ஆர். அளவை, வார்ஃபரின் சாப்பிட்டு 2க்கும் 3க்கும் இடையில் வைத்திருக்கும் இதய நோயாளிக்கு இரத்தக்கசிவு வரக்கூடும்.