பேன் மருந்து போட்டும் போகவில்லையா?

மும்பையில் தாராவி, சயான் கோலிவாடா பக்கம் ஜூனில் பள்ளி திறந்ததும் இந்தப் புலம்பல் தொடங்கிவிடும். பெரும்பாலும் மருந்தில் குறை இருக்காது. ஒரு தடவையோடு நிறுத்தியிருப்பார்கள்.

1 சதவீத பெர்மெத்ரின் லோஷன் பேனைக் கொல்லும். ஈரை, அதாவது பேன் முட்டையை, ஒன்றும் செய்யாது. ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிட மேலும் 9 முதல் 12 நாள். அதற்குள், முதல் தடவை போட்டதிலிருந்து 9ஆம் நாளில், மறுபடி போட்டால்தான் பேனின் வம்சம் அறும்.

போடும் விதத்திலும் கோளாறு நடக்கிறது. எண்ணெயோ கண்டிஷனரோ உள்ள தலையில் மருந்து பிடிக்காது. ஷாம்பு மட்டும் போட்டு அலசி, நன்றாகத் துவட்டுங்கள். நீர் சொட்டினால் மருந்து நீர்த்துவிடும். காதுக்குப் பின்னால், பிடரி, இரண்டும் முழுக்க நனையட்டும். 10 நிமிடம் கழித்துக் குனியவைத்து அலசுங்கள், கண்ணில் படாமல். காலையில் குழாய்த் தண்ணீர் வரட்டும் என்று இரவெல்லாம் விட்டுவைத்தால் தோல் எரியுமே தவிர, பேன் கூடுதலாகச் சாகாது. சிரங்குக்குத் தரும் 5 சதவீத க்ரீம் இதற்கு அல்ல.

ஒரே அறையில் வரிசையாகப் படுக்கும் வீட்டில் பிள்ளைக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது வீண். பாட்டி, அப்பா உட்பட எல்லார் தலையையும் அன்றே பாருங்கள். உயிருள்ள பேன் இருந்தால் அன்றே மருந்து. பேன் உள்ளவரோடு ஒரே பாயில் படுப்பவருக்கும் சேர்த்தே போட்டுவிடலாம். தலையணை உறையையும் துண்டையும் வெந்நீரில் துவைத்தால் போதும். தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

நெருக்கமான பல்லுள்ள உலோகப் பேன்சீப்பால், ஈரமுடியில், வேரிலிருந்து நுனிவரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்கவேண்டும். இரண்டு மூன்று வாரம் இதை விடக்கூடாது. சலிப்பான வேலைதான். வேரிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி ஒட்டியிருப்பவை பெரும்பாலும் வெறும் ஓடு. அதைப் பார்த்து மூன்றாவது பாட்டில் வாங்க ஓடாதீர்கள்.

மண்ணெண்ணெய், எறும்புச் சாக்பீஸ், கற்பூர எண்ணெய் மூன்றும் ஆபத்து. மொட்டையும் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு ஒன்று: முதல்முறை பேன் பிடித்தால் அரிப்பு தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். நீங்கள் கவனிக்கும் முன்பே பேன் வகுப்பில் பரவியிருக்கும். அந்தப் பிள்ளையைத் தனி பெஞ்சில் உட்காரவைத்து என்ன பயன்? மாலையில் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். தலையில் சீழ்ப்புண்ணோ, கழுத்தில் நெறிகட்டியோ இருந்தால் மட்டும் மருந்துக்கு முன் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.